தலையணை பூஸ்டர் ஆகாது

மலேசியாவில் காரில் பிள்ளைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். கைக்குழந்தைக்கு மறக்காமல் வாங்குகிறோம். பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்ந்ததும், ‘இனி அவன் பெரியவன்’ என்று கழற்றி ஸ்டோரில் போட்டுவிடுகிறோம். சுங்கை சிப்புட்டில் காலையில் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். கழுத்தை அறுக்கும் சீட் பெல்ட் வாரைக் கக்கத்துக்குக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை கண்ணில் படாமல் போகாது. அப்படிப் போட்டால் மோதலில் விலா எலும்புதான் முறியும்.

கார் வார் பெரியவர்களின் உடலுக்குச் செய்தது. அது பிடிக்க வேண்டிய இடம் இடுப்பெலும்பு. பிள்ளைகளுக்கு அந்த எலும்பின் முன்முனை ஏறக்குறைய பத்து வயதுவரை சரியாகத் திரள்வதில்லை. போதாக்குறைக்கு, கார் இருக்கை அவர்களுடைய தொடையைவிட நீளம். முழங்காலை மடக்குவதற்காக முன்னால் சறுக்கி உட்காருகிறார்கள். வார் வயிற்றுக்கு ஏறிவிடுகிறது. மோதினால் குடலும் முதுகுத்தண்டும் அடி வாங்கும். இதைத் தடுக்கத்தான் பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கை.

‘உயரம்தானே வேண்டும்’ என்று தலையணை போடுவதும், குஷன் கடையில் தடித்த மெத்தை தைத்து வாங்குவதும்தான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. மோதலில் பஞ்சு அமுங்கும். பிள்ளை கீழே இறங்க, வார் மேலே ஏறும். நல்ல பூஸ்டரின் அடிப்பாகம் கெட்டியாக இருக்கும். இரு பக்கமும் உள்ள வளைவுகளின் அடியில் இடுப்பு வார் நுழைந்து தொடையோடு தாழப் படியும். கடையில் விலைச் சீட்டுக்கு முன்னால் அந்த வளைவைப் பாருங்கள். மைலோ டம்ளர் வைக்கும் குழியெல்லாம் பிறகு.

முதுகில்லாத பூஸ்டர் மலிவுதான். ஆனால் பிள்ளை இருக்கைகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி அது 125 செ.மீ.க்கு மேல் வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டுமே. ஈப்போவிலிருந்து இரவில் திரும்பும்போது பிள்ளை தூங்கிச் சாய்ந்தால், தலையைத் தாங்கவும் தோள் வாரை இடத்தில் நிறுத்தவும் முதுகும் பக்கச் சிறகும் வேண்டும்.

பழைய கார்களின் பின் நடு இருக்கையில் இடுப்பு வார் மட்டும் இருக்கும். அங்கே பூஸ்டர் வைக்கவே கூடாது.

‘தோட்டத்திலிருந்து டவுனுக்குத்தானே’ என்பவர்களுக்கு: செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளும் கூட்டரசு சாலை 1-இல்தான் ஓடுகின்றன.

எப்போது நிறுத்தலாம்? வயதைக் கேட்காதீர்கள். முதுகு ஒட்டி உட்கார்ந்து, முழங்கால் இருக்கை விளிம்பில் மடங்கி, வார் தோளின் நடுவிலும் தொடைமேலும் படிந்தால் போதும். பொதுவாக 145 செ.மீ. உயரத்தில் இது அமையும்.

உறவுக்காரர் கொடுக்கும் பழைய பூஸ்டரில் வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் எண்ணும் உள்ள ஒப்புதல் ஸ்டிக்கர் இருக்கிறதா, விபத்தில் சிக்கியதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சிக்கியிருந்தால் வேண்டாம். பிள்ளை இறங்கிய பிறகும் வெறும் பூஸ்டரை வார் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் திடீர் பிரேக்கில் அது முன்னால் இருப்பவர் மேல் பாயும்.