காற்றடைக்கும் கயாக்: ஒருவருக்கா, இருவருக்கா? வாங்கும் முன் அளக்க வேண்டியவை

காற்றடைக்கும் கயாக் என்ற துடுப்புப் படகின் பெட்டியில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்ற இரண்டு எண்கள்தான் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். வாங்குபவர்களும் அதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். தண்ணீரில் இறங்கிய பிறகு அந்த எண்களால் பெரிய பயன் இல்லை. உள்ளே உட்கார எவ்வளவு இடம் இருக்கிறது, தரை எவ்வளவு விறைப்பாக நிற்கிறது, வீடு திரும்பியதும் காயவைக்க எவ்வளவு பாடு என்ற மூன்றும்தான் அந்தக் கயாக் அடிக்கடி தண்ணீர் பார்க்குமா, பரணில் கிடக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

முதலில் ஆள் கணக்கு. பெரும்பாலும் தனியாகத்தான் போவீர்கள் என்றால் ஒருவருக்கானதையே வாங்குங்கள். 2.7 முதல் 3.3 மீட்டர் நீளம் போதும். எடையும் குறைவு, ஒரே ஆளாகத் தூக்கிக்கொண்டு கரைவரை நடக்கலாம். எப்போதும் இருவர் என்றால் 3.8 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம். 3.1 மீட்டர் நீளத்தில் 'இருவர்' என்று விற்கும் கயாக்குகளில் பெரியவர் ஒருவரும் சிறுபிள்ளை ஒன்றும் சௌகரியமாகப் போகலாம். வளர்ந்தவர்கள் இருவர் ஏறினால் பின்னால் இருப்பவரின் கால் முன் இருக்கையில் முட்டும், துடுப்புகள் ஒன்றோடொன்று மோதும்.

சில நாள் தனியாக, சில நாள் துணையோடு போகிறவர்களுக்கு இருக்கையை நகர்த்தக்கூடிய மாடல்தான் சரி. ஆனால் நடுவில் இருக்கையைக் கட்டுவதற்கான வளையங்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் தனியாகப் போகும்போது பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். முன்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும், லேசான காற்றுகூட அதைப் பிடித்துத் திருப்பிவிடும். பாதி நேரம் திசையைச் சரிசெய்வதிலேயே போகும்.

எடைக் கணக்கில் பெட்டியில் போட்டிருக்கும் அளவில் 70 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். ஒருவர் 75 கிலோ, மற்றவர் 65, சாமான்கள் 10 என்றால் மொத்தம் 150 கிலோ. 150-ஐ 0.7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 215 வரும். அவ்வளவு தாங்கும் கயாக்கைத்தான் தேட வேண்டும். முழு அளவுக்கு ஏற்றினாலும் மிதக்கும், ஆனால் தாழ்ந்து நிற்கும், நடுவில் தொய்யும், சின்ன அலையும் உள்ளே வரும்.

இனி உள் அகலம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. வெளி அகலம் 90 செ.மீ. என்று போட்டிருந்தால் பக்கக் குழாய் ஒவ்வொன்றும் 22 முதல் 25 செ.மீ. வரை எடுத்துக்கொள்ளும். உட்கார மிஞ்சுவது 40 முதல் 46 செ.மீ. தான். உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை வீட்டிலேயே அளக்கலாம். தரையில் கால் நீட்டி உட்காருங்கள், இடுப்பின் இரு பக்கமும் தடித்த புத்தகம் ஒன்றை ஒட்டி நிறுத்துங்கள், எழுந்து இடைவெளியை அளங்கள். அதோடு 4 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அதைவிடக் குறுகலான கயாக்கில் அரைமணி நேரத்திலேயே இடுப்பு இறுகிப்போகும். கால் பதிக்கக் கட்டை அல்லது மிதிகுழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். கால் ஊன்ற இடமில்லாவிட்டால் துடுப்பை வலிக்கும் ஒவ்வொரு முறையும் முன்னே சறுக்குவீர்கள், கீழ்முதுகு வலிக்கும். இருக்கை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் இதை ஈடுசெய்யாது.

கட்டுமானத்தில் மூன்று வகை. எளிய வினைல் கயாக்கில் குழாய்களும் தரையும் 1 பிஎஸ்ஐயை (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்த அலகு) ஒட்டிய குறைந்த அழுத்தத்தில் நிற்கும். அமைதியான குளத்தில் கொஞ்ச நேரம் சுற்ற அது போதும், ஆனால் எடை ஏறினால் நடுப்பகுதி குழையும். இரண்டாவது வகையில் பக்கங்கள் 2, 3 பிஎஸ்ஐ குழாய்கள், தரை மட்டும் டிராப்-ஸ்டிட்ச். மேல் தாளையும் கீழ்த் தாளையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருப்பதால் அந்தத் தரை 6 முதல் 10 பிஎஸ்ஐ வரை ஏற்றினாலும் உப்பாமல் பலகைபோல் நிற்கும். மூன்றாவது, முழுவதுமே டிராப்-ஸ்டிட்ச். பக்கச் சுவர் மெல்லியது என்பதால் உள்ளே இடம் கூடும், வேகமும் கூடும், விலையும் கூடும். பொழுதுபோக்குக்குத் துடுப்பு போடுகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இரண்டாவது வகை. எந்த வகையானாலும் தனித்தனிக் காற்றறைகள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஒன்று கிழிந்தாலும் மற்ற இரண்டு கரைசேர்க்கும்.

அடியில் மாட்டும் ஃபின் (மீன்துடுப்பு போன்ற தகடு) இல்லாமல் தட்டையான கயாக் நேராகப் போகாது, துடுப்பை வலிக்கும் ஒவ்வொரு முறையும் மூக்கைத் திருப்பும். ஃபினின் சாய்ந்த நுனி பின்பக்கம் பார்க்க வேண்டும். அடிக்கடி தலைகீழாக மாட்டப்படுவது இதுதான். ஃபின் தரையில் ஊன்றியிருக்கும்போது ஏறி உட்கார்ந்தால் அது வளைந்துபோகும், ஒட்டிய இடமே பிய்ந்தும் வரலாம். கயாக் முழுவதும் மிதக்கும் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், பிறகு ஏறுங்கள்.

வால்வின் நடுவில் சின்ன ஊசி தெரிந்தால் அது மேலே எழும்பி நிற்கும்போதுதான் காற்றைப் பிடிக்கும். அழுத்தித் திருப்பிக் கீழே நிறுத்தினால் வெளியே விடும். ஊசி கீழே இருக்கும் நிலையில் பத்து நிமிடம் பம்ப் அடித்துவிட்டுப் பம்பின் குழாயை எடுத்தால் மொத்தக் காற்றும் புஸ்ஸென்று போய்விடும். பம்ப் இருவழியும் காற்றுத் தள்ளுவதாகவும் அழுத்தமானி உள்ளதாகவும் இருக்கட்டும். குறைந்த அழுத்தத்தைக் காட்டும் மானி தேவை. 20 பிஎஸ்ஐ வரை போகும் மானியில் 2 பிஎஸ்ஐயைப் படிக்கவே முடியாது.

வெயில்தான் காற்றடைத்த கயாக்கின் பெரிய எதிரி. 25 டிகிரி நிழலில் 2 பிஎஸ்ஐ அடைத்த குழாய் கரையில் கிடந்து 45 டிகிரிக்குச் சூடானால், குழாய் விரியாது என்று வைத்துக்கொண்டால், உள்ளழுத்தம் ஏறக்குறைய 3.1 ஆகிவிடும். ஒன்றரை மடங்குக்கும் மேல். தையல் பிரிவதும் உள்பை வெடிப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். அதே சூட்டில் 8 பிஎஸ்ஐ தரை 9.5-க்குத்தான் ஏறும். அதனால் முதலில் கவனிக்க வேண்டியது பக்கக் குழாய்களைத்தான். கரையில் சற்றுக் குறைத்தே அடையுங்கள், தண்ணீரில் பத்து நிமிடம் குளிர்ந்ததும் மீதியை ஏற்றுங்கள். சாப்பிடக் கரையேறினால் நிழலில் இழுத்துப் போடுங்கள். நிழல் இல்லையென்றால் காற்றைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

துடுப்பு 230 முதல் 240 செ.மீ. குட்டையானது குழாயில் இடிக்கும். இருவர் போனால் முன்னால் இருப்பவர் தாளத்தைப் பிடிக்க, பின்னால் இருப்பவர் அதைப் பின்பற்றி வலித்தால் துடுப்புகள் மோதாது.

துணி உறைக்குள் உள்பை வைத்த கயாக்குகள் முள்ளையும் கல்லையும் நன்றாகத் தாங்கும், ஆனால் உறைக்கும் பைக்கும் நடுவே தண்ணீர் தங்கும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். காயவைக்க இடமில்லாத வீட்டுக்கு, துடைத்தால் காயும் பிவிசியே (வினைல்) நல்லது. உப்புத் தண்ணீரில் போனால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். தரையைக் கழற்ற முடிந்தால் கழற்றி அடியிலுள்ள மணலையும் தட்டுங்கள். அந்த மணல் துகள்கள் தரைக்கடியில் உரசி உரசியே துணியைத் தேய்த்துவிடும்.

ஒட்டுப்போட அதே பொருளில் துண்டு வேண்டும், பசையும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். பிவிசிக்கான பசை ரப்பர் பூசிய துணியில் பிடிக்காது. சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரும் இடத்தைக் குறியுங்கள். காற்றை இறக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஓட்டையைச் சுற்றி 5 செ.மீ. மறையும்படி மூலைகளை வட்டமாக வெட்டிய துண்டை ஒட்டுங்கள். ஒருநாள் முழுக்க விட்டபின் காற்றடையுங்கள்.

லேசான கயாக் என்பதால் காற்று எளிதில் இழுத்துப்போகும். கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்றில் இறங்காதீர்கள். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று வரும்படி பாதையைப் பிடியுங்கள். லைஃப் ஜாக்கெட் ஒவ்வொருவருக்கும் வேண்டும், அதுவும் உடம்பில்.

வாங்கி வந்ததும், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள், வீட்டு நிழலில் முழு அழுத்தத்துக்கு அடைத்து ஒரு நாள் வையுங்கள். அடைத்த நேரத்தின் வெப்பநிலையிலேயே மறுநாள் மானியைப் பாருங்கள், இரவுக் குளிரில் பார்த்தால் கசிவில்லாமலே குறைவாகக் காட்டும். இருவர் கயாக் என்றால் ஃபின்னைக் கழற்றிவிட்டு இருவருமே அரைமணி நேரம் அதில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே முட்டும் கால் தண்ணீரிலும் முட்டும்.