சுகாதாரப் பொருளியலில் ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுகாதாரப் பொருளியலில் முதுகலை முடித்தவர்களிடம் எதைப் பற்றி ஆராயப் போகிறீர்கள் என்று கேட்டால், பலரும் கேள்வியைச் சொல்வதில்லை, முறையைத்தான் சொல்கிறார்கள். "மார்கோவ் மாடல் செய்யலாம் என்றிருக்கிறேன்." நோயாளிகள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதைக் கணித்து, சிகிச்சையின் செலவையும் பலனையும் மதிப்பிடும் முறை அது. எந்த நோய், எந்த மக்கள், எந்த முடிவை மாற்றுவதற்காக என்பதெல்லாம் பிறகுதான் வருகிறது. 2017-ல் மத்திய அரசு சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென, அதாவது மருந்தும் கருவியும் சிகிச்சை முறையும் செலவுக்குத் தகுந்தவையா என்று ஆராய, ஓர் அமைப்பைத் தொடங்கியது. செலவுக்கேற்ற பலனைக் கணக்கிடும் ஆய்வுகள் அதற்குத் தேவைதான். ஆனால் காப்பீடு, முதியோர் பராமரிப்பு, மருத்துவமனைகளுக்கு அரசு பணம் கொடுக்கும் முறை என இத்துறை விரிந்து கிடக்கிறது. கேள்வி கிடைத்துவிட்டால் அதற்கேற்ற முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய தவறு, எண் எப்படிப் பிறந்தது என்று பார்க்காமல் அதை எடுத்தாள்வது. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம் என்று தேசிய சுகாதாரக் கணக்குகள் சொல்கின்றன. பல ஆய்வு முன்மொழிவுகளின் முதல் வரியே இதுதான். இடையில் என்ன நடந்தது? 2016-17-ல் 58.7 ஆக இருந்தது அடுத்த ஆண்டே 48.8 ஆனது. அந்த ஆண்டில்தான் குடும்பச் செலவுக்கான அடிப்படைத் தரவு, தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 71-வது சுற்றிலிருந்து 75-வது சுற்றுக்கு மாறியது. ஆகவே சரிவில் எவ்வளவு உண்மையான நிவாரணம், எவ்வளவு கணக்கெடுப்பு மாறியதன் விளைவு என்று கேட்டே ஆக வேண்டும். இன்னொன்றும் உண்டு. காசில்லாமல் மருத்துவமனைக்கே போகாதவரின் செலவு கணக்கில் பூஜ்யம். அவர் பட்ட பாடு அந்தச் சதவீதத்தில் தெரியாது. இந்த இடத்தில் நின்று யோசிப்பவரிடமிருந்துதான் நல்ல ஆய்வு வரும் என்பது என் உறுதியான நம்பிக்கை. 75-வது சுற்றின் குடும்பவாரித் தரவை மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவுசெய்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மாதிரி எடைகளை (கணக்கெடுக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் மக்கள்தொகையில் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்று காட்டும் எண்களை) சரியாகப் பயன்படுத்தி, வெளியான ஓர் அட்டவணையை நீங்களே மறுபடி உருவாக்கிப் பாருங்கள். சான்றிதழ் படிப்புகள் பலவற்றைவிட அது அதிகம் கற்றுத்தரும்.

பட்டம் வாங்கிய கையோடு முனைவர் பட்டத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். சென்னையில் உள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை திட்டப் பணியாளர்களை அவ்வப்போது எடுக்கின்றன. மருத்துவர்களோடும் களப்பணியாளர்களோடும் ஓராண்டு வேலை பார்த்தவருக்கு, ஒரு செலவு விவரப் படிவம் எங்கே பொய் சொல்லும் என்பது தெரிந்துவிடும். அதே நேரம் வயதையும் கவனியுங்கள். நெட் தேர்வின் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் பெரும்பாலான இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. மாதம் 37,000 ரூபாயை அசட்டையில் இழக்கக் கூடாது.

வெளிநாடு போக நினைப்பவர்கள் எல்லா நாட்டுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள். நெதர்லாந்திலும் நார்வேயிலும் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. பல இடங்கள் ஏற்கெனவே நிதி கிடைத்த ஒரு திட்டத்தோடு கட்டப்பட்டிருக்கும். அங்கே உங்கள் சொந்த முன்மொழிவை நீட்டுவதில் பயனில்லை. விளம்பரத்தில் உள்ள திட்டத்துக்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்பதை எழுதுங்கள்.