உளவியல் ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

இறுதியாண்டு ஆய்வுக்காலம் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு தகவல் வந்துவிடும்: "அக்கா, 60 வயசுக்கு மேல தமிழ் பேசுறவங்க பத்துப் பேர் வேணும். சின்ன சர்வேதான்." நம்மவர்களையும் ஆய்வில் சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆங்கிலம் தெரிந்தவர்களை மட்டும் வைத்து எழுதும் முடிவுகள் நம் பாட்டிகளுக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் பொருந்தாமல் போகலாம். ஆனால் ஊசி இல்லை, மருந்து இல்லை, வெறும் கேள்விதானே என்று நினைத்து வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான தவறுகளைச் செய்கிறார்கள்.

முதலில் அனுமதி. சிங்கப்பூரில் 2015இல் இயற்றப்பட்ட மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம், இயல்பான மன எதிர்வினைகளை மிகக் குறைந்த அபாயத்தோடு ஆராய்வதைப் பெரும்பாலும் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். சட்டம் விட்டாலும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு விடாது. மாணவர்கள் ஐஆர்பி என்று சொல்வது இந்தக் குழுவைத்தான். அபாயம் குறைவா இல்லையா என்று ஆய்வாளரே தீர்மானித்துக்கொள்ள முடியாது. பதில்களை வாங்கி முடித்தபின் அனுமதி கேட்கலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். சேர்த்ததைப் பயன்படுத்த முடியாமல் போனால், உங்களை நம்பி நேரம் கொடுத்தவர்களின் உழைப்பும் வீண்.

அனுமதி வந்ததும் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறையில் இருப்பவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம், பங்கேற்பவர் அவருக்குக் கொடுக்கும் மின்னதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். உண்மையில் அதிர்ச்சி எதுவும் கிடையாது. அந்த அறையில் இருந்தவர் மில்கிராமின் ஆள். முதலில் வெளியான ஆய்வில் 40 ஆண்களில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். அந்தப் பொய்தான் தவறு என்று பலரும் சொல்வார்கள். என்னை அதைவிட உறுத்துவது, நிறுத்த நினைத்தவர்களுக்கு நடந்தது. வியர்த்து, நடுங்கி, போதும் என்றவர்களிடம் "நீங்கள் தொடர்ந்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை" என்று சொல்லும்படி ஆய்வாளருக்கு முன்கூட்டியே வசனம் எழுதித் தரப்பட்டிருந்தது. விலகும் உரிமையை மறுப்பது சோதனையின் அமைப்பிலேயே இருந்தது. 1964இல் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் இந்தச் சோதனையைக் கடுமையாக விமர்சித்தார். பங்கேற்றவர்களில் 84 விழுக்காட்டினர் பிறகு மகிழ்ச்சி தெரிவித்ததாக மில்கிராம் காட்டினார். பின்னால் வந்த மகிழ்ச்சி, முன்னால் கேட்காத சம்மதத்துக்கு ஈடாகாது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பிலிப் ஸிம்பார்டோ 1971 ஆகஸ்டில் நடத்திய போலிச் சிறையிலும் நடந்தது இதுதான். நாளுக்கு 15 டாலர் சம்பளம் என்று சேர்ந்து கைதிகளாக நடித்த கல்லூரி மாணவர்களிடம், சம்பளத்தை விட்டுக்கொடுத்தால் வெளியே போவீர்களா என்று கேட்டபோது பெரும்பாலோர் சரி என்றார்கள். பரிசீலிக்கிறோம் என்ற பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து மறுபடி அறைக்கே போனார்கள். பணம் வேண்டாம் என்றானபின் அவர்களை அங்கே பிடித்துவைக்க எதுவுமே இல்லை. ஆனாலும் ஒப்பந்தப்படி எழுந்து போய்விடலாம் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. ஆய்வாளரே சிறைக் கண்காணிப்பாளர் வேடத்திலும் இருந்ததால் நினைவூட்டவும் ஆள் இல்லை. இரண்டு வாரத் திட்டம் ஆறு நாளில் நின்றதற்கு, கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற இளம் உளவியலாளர் அதைப் பார்த்து அதிர்ந்து எதிர்த்தது முக்கியக் காரணம்.

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி ஒன்றில் மனநலக் கேள்வித்தாளைத் தமிழில் விளக்கப் போயிருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பொழுதுபோக்கு அறையில், பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டது சூப்பர்வைசர். தூக்கம் வருகிறதா, ஊர்க் கடன் கவலை உண்டா என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு." ஒரு தம்பி மட்டும் பேனாவைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டார், "அக்கா, கையெழுத்து போடலேன்னா பர்மிட்டுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?" ஆகாது என்று படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சிட்டுத்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய ஆய்வாளர் வாய்திறந்து சொல்லவில்லை, சூப்பர்வைசரையும் வெளியே அனுப்பவில்லை. அந்தக் கையெழுத்துகளை நான் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். பயந்து சொன்ன பதில்களை அறிவியல் என்றும் சொல்ல மாட்டேன்.

ஆகவே முதலாளி, சூப்பர்வைசர், வகுப்பாசிரியர், கோயில் நிர்வாகி என்று யாருடைய தயவில் ஒருவர் இருக்கிறாரோ அவர் மூலம் ஆள் சேர்க்காதீர்கள். இடம் கேட்கலாம், சுவரொட்டி ஒட்டச் சொல்லலாம், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் பங்கேற்றார், யார் மறுத்தார் என்பது அவருக்குத் தெரியவே கூடாது.

பெரியவர்களிடம் பயத்தைவிடப் பாசம்தான் தடையாக இருக்கும். படிவத்தை நீட்டியதும் "எங்கய்யா கையெழுத்து போடணும்?" என்று கேட்பார்கள். பிள்ளை படிப்புக்காகக் கேட்கிறானே, மறுத்தால் மனசு சங்கடப்படுமே என்ற எண்ணம். அந்த நேரத்தில் பேனாவைக் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் பேச்சுத்தமிழில் விளக்கிவிட்டு, "பாட்டி, நான் என்ன பண்ணப் போறேன்னு நீங்க ஒருதடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். நடுவில் எழுந்து போகலாம் என்பதை அவர் வாயால் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொல்லாவிட்டால் இன்னொரு முறை விளக்குங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளையின் விருப்பமும் வேண்டும். 2015 சட்டம் 21 வயது நிரம்பாத, மணமாகாதவரைச் சிறாராகவே கருதுகிறது. "போய்ப் பண்ணுடா" என்று அம்மா தள்ளிவிட்ட பையன் முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.

பணம் கொடுப்பதில் தவறில்லை. கேள்வித்தாளை முடித்தால்தான் ஃபேர்பிரைஸ் பேரங்காடிப் பற்றுச்சீட்டு என்று சொல்வது தவறு. இந்த ஒன்றில் மில்கிராம் சரியாக நடந்துகொண்டார்: 4.50 டாலர், ஆய்வுக்கூடத்துக்கு வந்ததற்கே, பிறகு என்ன நடந்தாலும்.

எனக்கு அதிகக் கவலை தருவது இணையக் கேள்வித்தாள். மனச்சோர்வை அளக்க மாணவர்கள் பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தொகுப்பைச் சர்வசாதாரணமாகச் சேர்க்கிறார்கள். அதன் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரங்களில் எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. ஏறக்குறைய தினமும் என்று ஒருவர் அழுத்திவிட்டுப் போகிறார். அந்தப் பதில் ஒரு மாதம் கழித்து எக்ஸெல் தாளில் 3 என்ற எண்ணாகத் திறக்கப்படுகிறது. இப்படி நடக்க விடாதீர்கள். அந்தக் கேள்வி உங்கள் ஆய்வுக்குத் தேவைதானா என்று முதலில் பாருங்கள். தேவை என்றால் பதில்களைத் தினமும் யார் பார்ப்பார், ஆபத்து தெரிந்தால் யாரை அழைப்பார் என்பதை எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். 24 மணிநேரமும் இயங்கும் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைத் திரையில் காட்டுங்கள். பங்கேற்பாளர் தமிழில் மட்டும் பேசுபவர் என்றால், தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரிடம் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

முழு விவரத்தையும் முன்கூட்டியே சொல்ல முடியாத ஆய்வுகள் உண்டு. அதற்கு நெறிமுறைக் குழு அனுமதி தந்திருந்தாலும், உண்மையை அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். மில்கிராமின் ஆட்களில் பலருக்கு முழு உண்மை மாதங்கள் கழித்து அஞ்சலில்தான் வந்தது. அதுவரை ஒரு மனிதரைத் துன்புறுத்திவிட்டோம் என்ற எண்ணத்தோடு இருந்தவர்கள் உண்டு. ஞாபகசக்திச் சோதனையில் வேண்டுமென்றே கடினமான சொற்களைக் கொடுத்திருந்தால், பாட்டி வீட்டுக்குப் போகும்முன் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தனக்கு மறதிநோய் வந்துவிட்டது என்ற பயத்தோடுதான் பேருந்து ஏறுவார்.

பெயரை நீக்கினால் அடையாளம் போய்விடும் என்று நம்புவது நம் சமூகத்தில் செல்லாது. "52 வயது, தமிழர், பேருந்து ஓட்டுநர், ஜூரோங் வெஸ்ட், மணமுறிவு பெற்றவர்" என்று எழுதினால் அந்த வட்டாரக் கோயிலில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். வயதை வரம்பாக மாற்றுங்கள், வட்டாரத்தை எடுத்துவிடுங்கள்.

விலக விரும்புபவரிடம் காரணம் கேட்காதீர்கள். பற்றுச்சீட்டைக் கொடுத்து நன்றி சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்குப் போனபிறகு மனம் மாறினால் எந்தத் தேதிவரை பதில்களை அழிக்கக் கேட்கலாம் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியலை அழித்துவிட்டபின், எந்தப் பதில் யாருடையது என்று தேடி எடுத்து அழிக்க முடியாமல் போகலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். தொடர்புக்கு மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தால் பெரியவர்களால் விலக முடியாது. தமிழில் பேசக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். அழைத்தால் அவர் எடுக்க வேண்டும்.