ஆவரேஜ் ஒயிட் பேண்டின் இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டுப் பழகுவது எப்படி?

ஃபங்க், சோல் ஆகிய இசை வகைகளுக்குப் புதியவர்கள் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், ஆவரேஜ் ஒயிட் பேண்ட் 1974இல் வெளியிட்ட ‘ஏடபிள்யூபி’ ஆல்பத்தையே நான் தயங்காமல் சொல்வேன். ஸ்காட்லாந்து இளைஞர்கள் ஆறு பேர் சேர்ந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை மனமாரக் கற்று வாசித்த இரண்டாவது ஸ்டூடியோ ஆல்பம் இது. சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளினுடன் பணியாற்றிய ஆரிஃப் மார்டின் இதன் தயாரிப்பாளர்.

படி 1: நல்ல இயர்போனை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் கிட்டார் ஏறத்தாழ மறைந்துவிடும். அது மறைந்தால் இந்த இசையின் பாதி போய்விடும்.

படி 2: வரிசைப்படி கேட்காமல், மூன்றாவதாக உள்ள ‘பிக் அப் தி பீசஸ்’ என்பதிலிருந்து தொடங்குங்கள். ஏறக்குறைய நான்கு நிமிடம் நீளும் இதில், தலைப்புச் சொற்களை அவ்வப்போது உரக்கச் சொல்வதைத் தவிர வேறு வரிகள் இல்லை, மற்றதெல்லாம் கருவியிசை. இதை ஒரே அமர்வில் மூன்று முறை கேட்க வேண்டும்.

முதல் முறை டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தொடையில் தட்டி எண்ணினால், இரண்டிலும் நான்கிலும் அடி அழுத்தமாக விழுவது தெரியும். நம் தாளத்தில் சமத்துக்கு, அதாவது தாளச் சுற்றின் முதல் அடிக்கு, உள்ள மதிப்பை ஃபங்க் இசையும் முதல் எண்ணுக்குத் தருகிறது. ஆனால் உடலை ஆட்டுவிப்பது அந்த இரண்டும் நான்கும்தான்.

இரண்டாம் முறை கிட்டார்களுக்கு உரியது. ஒருவர் தந்திகளை அமுக்கிப் பிடித்து ஒற்றை ஸ்வரங்களாகக் கொத்துகிறார்; மற்றவர் சிறுசிறு வெட்டுகளாக ஸ்வரக்கூட்டுகளை இடையில் தெளிக்கிறார். யாரும் இடத்தை நிரப்ப முந்துவதில்லை. ஒருவர் ஓயும் நொடியில் இன்னொருவர் நுழைகிறார் என்பதைப் பிடித்துவிட்டால், இந்த ஆல்பத்தின் சூட்சுமம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. நானும் பல நாள் சாக்ஸஃபோனை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் அடியில் ஓடும் இந்த உரையாடல் காதில் விழுந்த பிறகே இசை எனக்குத் திறந்தது.

மூன்றாம் முறை, குழுவின் ரோஜர் பாலும் மால்கம் டங்கனும் ஒரே மூச்சாக வாசிக்கும் சாக்ஸஃபோன் மெட்டைத் தொடருங்கள். 1975 பிப்ரவரியில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் இந்த இசையை முதலிடத்துக்குக் கொண்டுசென்றது அந்த மெட்டுதான்.

படி 3: அடுத்து ‘பர்சன் டு பர்சன்’ பாடலுக்கு வாருங்கள். ஏலன் கோரி, ஹேமிஷ் ஸ்டூவர்ட் என்று குழுவில் முதன்மைப் பாடகர்கள் இருவர். ஸ்டூவர்ட்டின் குரல் பொய்க்குரலில், அதாவது இயல்புக் குரலைவிட மேலே செல்லும் மெல்லிய குரலில், மிக உயரம் எட்டும். அதைக் கேட்டால் சோல் என்பதன் பொருள் விளக்கமின்றிப் புரியும்.

படி 4: ‘ஒர்க் டு டூ’ பாடலை, ஐஸ்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1972இல் வெளியிட்ட மூலப் பாடலோடு அடுத்தடுத்துக் கேளுங்கள். எதை அப்படியே வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்று தாளில் இரண்டு மூன்று வரி எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

படி 5: இப்போது பத்துப் பாடல்களையும் வரிசையாகக் கேளுங்கள். இசைத்தட்டில் பக்கத்துக்கு ஐந்தாக அவை அமைந்திருந்தன. நீங்களும் ஐந்தாவது முடிந்ததும் சற்று நிறுத்துங்கள். இம்முறை டிரம்ஸ் வாசித்த ராபி மக்கின்டாஷை நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் வெளிவந்த சில வாரங்களில், 1974 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஹெராயினால் அவர் உயிரிழந்தார். நீங்கள் தொடையில் தட்டி எண்ணிய அடிகள் அவருடையவை. அவை முதலிடத்தைத் தொட்டபோது அவர் இல்லை.

படி 6: மக்கின்டாஷின் இடத்துக்கு வந்த ஸ்டீவ் ஃபெரோன் வாசித்துள்ள, 1975இல் வெளியான ‘கட் தி கேக்’ ஆல்பத்தை இதே முறையில், டிரம்ஸிலிருந்து தொடங்கிக் கேளுங்கள்.