இசிப்பிங்கோ கோயிலிலிருந்து ஆய்விதழுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே உள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் திருவிழாவைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பியது. கூழும் வேப்பிலையும் உடுக்கையும் நிறைந்திருந்தன. ஆய்வுக் கேள்வி மட்டும் இல்லை. 1860-இல் வந்த ஒப்பந்தக் கூலிகளின் வழிபாடு புனித வெள்ளியோடு எப்படிச் சேர்ந்தது? தோட்ட விடுமுறையாலா? இதைக் கேட்ட பிறகுதான் கட்டுரை பிறந்தது.

ஆகவே, முதலில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நீங்கள் அனுப்ப நினைக்கும் ஆய்விதழின் அண்மை இதழ்களைப் படித்து, அந்தக் கேள்வி அங்கே பொருந்துமா என்று பாருங்கள். பக்தர்களைப் பேட்டி காண்பதற்கு முன்பே பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதியைப் பெறுங்கள். முடிந்த பேட்டிகளுக்குப் பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள். நம் பாட்டிமார் நம்பிச் சொன்ன சொற்கள் அவை. அந்த அனுமதியை வெறும் காகித வேலையாக நினைக்காதீர்கள்.

கட்டுரையைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டாளருக்கு உங்கள் பெயர் தெரியக்கூடாது என்றால், நன்றியுரையிலும் கோப்பின் விவரங்களிலும்கூட அதை நீக்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். திருத்தம் கேட்டு வந்தால், ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியே பதில் எழுதுங்கள். ஏற்காததற்கும் காரணம் சொல்லுங்கள்.