30 லட்சத்துக்கு 26 பைசா தவணை

வீட்டுக்கடன் இஎம்ஐ கால்குலேட்டர் ஒன்றை இணையதளத்தில் சரிசெய்யும் வேலை. 8.5 சதவீத வட்டி, 20 வருடம், கடன் 30,00,000 என்று கமா போட்டு அடித்தால் மாதத் தவணை 26 பைசா என்றது! (கிடைத்தால் தெருவையே வாங்கிப் போடலாம்.) சூத்திரம் சரியாகத்தான் இருந்தது. அடித்த எழுத்தை எண்ணாக மாற்றும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் பார்ஸ்ஃப்ளோட் முதல் கமாவிலேயே நின்று, வெறும் 30 ரூபாய்க்குக் கணக்குப் போட்டிருக்கிறது. கமாவை நீக்க ரீப்ளேஸ் கட்டளை போட்டேன், அது முதல் கமாவை மட்டும் நீக்கியதால் கடன் 3,000 ஆனது, தவணை 26 ரூபாய்! எல்லாக் கமாவையும் நீக்கும் ரீப்ளேஸ்ஆல் போட்ட பிறகே 26,035 ரூபாய் வந்தது. வட்டி 0 என்றால் சூத்திரம் 0-ஐ 0-ஆல் வகுத்து முழிக்கும். அதற்குத் தனி இஃப் (நிபந்தனை) வைத்து, அசலை மாதங்களால் வகுக்கவிட்டேன். விடையில் நம்மூர் லட்சக் கமா விழ, எண்ணை எழுத்தாக்கிக் காட்டும் டுலோக்கல்ஸ்ட்ரிங்கில் ‘இஎன்-ஐஎன்’ (இந்திய ஆங்கில முறை) கொடுத்தால் போதும்.