எப்போதாவது வரும் கப்பல் வழக்கு: பொது வக்கீல்கள் சறுக்கும் இடங்கள்

பாகப்பிரிவினை, செக், ஜீவனாம்சம் என்று நடத்திக்கொண்டிருக்கும் வக்கீலிடம் அபூர்வமாக ஒரு கப்பல் வழக்குக் கட்டு வந்து சேரும். தூத்துக்குடியிலும் சென்னைப் பாரிமுனையிலும் இது சகஜம். கப்பலுக்கு மளிகை ஏற்றிய ஷிப் சாண்ட்லரின் பாக்கி, நனைந்து வந்த பருப்பு மூட்டை, ஆறு மாதமாகச் சம்பளம் காணாத மாலுமி. புதிதாக இந்தக் கட்டைத் தொடுகிறவர்கள் விழும் குழிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கப்பல் பெயரில் எழுத்துப்பிழை, ஐஎம்ஓ எண் (கப்பலின் மாறாத அடையாள எண்) விடுபடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை ரிஜிஸ்ட்ரியே திருப்பி அனுப்பிவிடும்.

எந்த நீதிமன்றம்

மாவட்ட நீதிமன்றம் அல்ல, மதுரைக் கிளையும் அல்ல. கப்பல் தூத்துக்குடியில் நின்றாலும் அரெஸ்ட் (கப்பலைப் பிடித்து நிறுத்தும் ஆணை) கேட்கும் இடம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூல வழக்குப் பிரிவு.

ஒரு வருஷக் கெடு

எரிச்சலூட்டும் தவறு இதுதான். சரக்குச் சேத வழக்கில் பெரும்பாலான பில் ஆஃப் லேடிங்குகளுக்குள் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் தரப்பு தரும் ஆவணம், சுருக்கமாக பில்) ஹேக் விதிகளோ ஹேக்-விஸ்பி விதிகளோ (கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதிகள்) இருக்கும். சரக்கை ஒப்படைத்த தேதியிலிருந்து, ஒப்படைக்கவே இல்லையென்றால் ஒப்படைத்திருக்க வேண்டிய தேதியிலிருந்து, ஓராண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். சர்வே ரிப்போர்ட் வந்த தேதியும் கணக்கில்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்த தேதியும் கணக்கில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் வரும் கட்டுகளில் பாதி வருஷம் அங்கேயே கரைந்திருக்கும்.

வழக்கமாக நடப்பது இது. பத்தாவது மாதத்தில் கட்சிக்காரர் வருகிறார். கையில் ஸ்டீமர் ஏஜென்டின் (கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட்) மெயில்கள்: “உங்கள் க்ளெய்மை பிரின்சிபாலுக்கு அனுப்பியுள்ளோம், பரிசீலனையில் உள்ளது.” வக்கீல் பதினைந்து நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புகிறார். பதில் வருகிறது, கூடுதல் ஆவணம் கேட்கிறார்கள், அதையும் அனுப்புகிறார். பதின்மூன்றாம் மாதம் அதே ஏஜென்ட் ஒரே வரியில் எழுதுகிறார்: காலாவதியாகிவிட்டது. வக்கீல் லிமிடேஷன் சட்டத்தின் 18-ஆம் பிரிவைத் தேடிப்போகிறார், கடனை ஒப்புக்கொண்ட மெயில் இருக்கிறதே என்று. அது இங்கே உதவாது. இந்த ஓராண்டு வெறும் காலவரையறை அல்ல, உரிமையையே அழித்துவிடும் என்று உச்ச நீதிமன்றம் ராமலிங்கம் செட்டியார் வழக்கில் 1960-லேயே சொல்லிவிட்டது. செத்த உரிமைக்கு மெயில் உயிர் கொடுக்காது.

மூன்று மாதச் சலுகை உண்டே என்பார்கள். உண்டுதான். 1925-ஆம் ஆண்டுக் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் அட்டவணையில் 1993-இல் சேர்த்தது அது. நீதிமன்றம் அனுமதித்தால் அதிகபட்சம் மூன்று மாதம். ஆனால் அந்தச் சட்டம் இந்தியத் துறைமுகத்திலிருந்து புறப்படும் சரக்குக்கு. வெளிநாட்டிலிருந்து இறங்கிய சரக்குக்கு பில்லின் பின்பக்கம் எந்த நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறதோ அதுதான். இன்னொன்று, 2025-இல் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகப் புதிய கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றியிருக்கிறது. பழைய சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் பிரிவு எண்ணைக் காப்பியடிக்க வேண்டாம்.

வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு இன்னொரு பொறி. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கென்றால் முதலில் மத்தியஸ்தத்துக்குப் போக வேண்டும். அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று பிரிவு சொல்வது லிமிடேஷன் சட்டத்தின் கெடுவுக்கு. பில்லில் இருக்கும் ஓராண்டை நம்பி அங்கே அடகு வைக்காதீர்கள். மத்தியஸ்த மனுவைப் போடுவதென்றால் எட்டாவது மாதத்துக்குள் போடுங்கள்.

வழக்கில்லாமல் பேசித் தீர்க்க வேண்டுமென்றால் நீட்டிப்பு கேளுங்கள். பத்தாவது மாதமே, எழுத்தில். யாரிடம் கேட்பது என்பதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். பில்லின் முன்பக்கம் கீழே வலது மூலையில் கையெழுத்துக் கட்டத்தைப் பாருங்கள். “மாஸ்டருக்காக ஏஜென்ட்” (மாஸ்டர் என்றால் கேப்டன்) என்றிருந்தால் சாதாரணமாக அது கப்பல் உரிமையாளரின் பில். “கேரியர் இன்னாருக்காக” (கேரியர் என்றால் சரக்கை ஏற்றிச்செல்ல ஒப்புக்கொண்டவர்) என்றிருந்தால் அந்தக் கம்பெனியின் பில். சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) கொடுத்த நீட்டிப்பு உரிமையாளரைக் கட்டாது. உரிமையாளர் சார்பில் அவருடைய பி அண்ட் ஐ கிளப் (கப்பல் உரிமையாளர்களின் பொறுப்புக் காப்பீட்டுச் சங்கம்) கொடுக்கும் மெயிலில் கப்பல் பெயர், பில் எண், தேதி, யாருக்காகத் தருகிறோம், எந்தத் தேதிவரை (அந்த நாளும் சேர்த்து) என்று எல்லாம் இருக்க வேண்டும். உரிமையாளரோடு டிமைஸ் சார்ட்டரர் (கப்பலை முழுதாக வாடகைக்கு எடுத்து உரிமையாளர் போலவே நடத்துபவர்) பெயரையும் சேர்த்து வாங்குங்கள்.

பில் காங்கென்பில் படிவமாக (வாடகைக் கப்பல்களுக்கான ஒரு நிலையான பில் படிவம்) இருந்தால் கூடுதல் கவனம். சார்ட்டர் பார்ட்டியின் (கப்பல் வாடகை ஒப்பந்தம்) ஷரத்துகள், ஆர்பிட்ரேஷன் உட்பட, அதில் இருக்கும் ஒரே வரியால் பில்லுக்குள் வந்துவிடும். லண்டன் ஆர்பிட்ரேஷன் என்றிருக்கும்போது சென்னையில் ஓராண்டுக்குள் வழக்குப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஆர்பிட்ரேட்டர் நியமன நோட்டீஸும் அதே கெடுவுக்குள் போயாக வேண்டும். நீட்டிப்பு மெயிலிலும் “வழக்கு மற்றும் ஆர்பிட்ரேஷன்” என்று இரண்டும் இருக்கட்டும்.

யாருடைய கடன்

ஷிப் சாண்ட்லர் பாக்கிக் கணக்கோடு வந்து “கப்பலைப் பிடிச்சுடுங்க சார்” என்பார். டெலிவரி ரசீதில் கேப்டன் குத்திய முத்திரையைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். “சார்ட்டரர் கணக்கில் மட்டும்” என்று இருக்கலாம். டைம் சார்ட்டரர் (குறிப்பிட்ட காலத்துக்குக் கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) ஆர்டர் போட்டு ஏமாற்றினால் உரிமையாளர் கடன்காரர் ஆவதில்லை. 2017-ஆம் ஆண்டு அட்மிரால்டி (கடல்சார் வழக்குகளுக்கான) சட்டத்தின் 5-ஆம் பிரிவு கேட்பது இதுதான்: க்ளெய்ம் எழுந்தபோது உரிமையாளராக இருந்தவரே கடனுக்குப் பொறுப்பாளியா, அரெஸ்ட் செய்யும்போதும் அவரே உரிமையாளரா? டிமைஸ் சார்ட்டரருக்கும் இதே மாதிரி ஒரு வழி உண்டு.

சப்ளை பாக்கி “மேரிடைம் க்ளெய்ம்”தான் (கடல்சார் கோரிக்கை), 9-ஆம் பிரிவின் “லியன்” (கப்பல் கைமாறினாலும் அதோடு ஒட்டிக்கொண்டு போகும் உரிமை) அல்ல. இடையில் கப்பல் நிஜமாகவே கைமாறிவிட்டால் பிடி நழுவிவிடும். பதிவு உரிமையாளர் யார் என்று ஈக்வாசிஸ் என்ற கப்பல் விவர இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முடிந்தால் கொடி நாட்டின் ரிஜிஸ்ட்ரி நகலும் வாங்குங்கள். இதைப் பார்க்காமல் தவறான கப்பலைப் பிடித்தால், நஷ்டஈடு தருவேன் என்று 11-ஆம் பிரிவின்படி கட்சிக்காரர் எழுதிக்கொடுத்த உறுதிமொழி அவர் மேலேயே திரும்பும். கையெழுத்து வாங்கும்போதே அவருக்கு இதைத் தமிழில் விளக்கிவிடுங்கள்.

மாலுமி சம்பளம்

லேபர் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். லியன் பட்டியலில் முதலில் நிற்பது இதுதான். கெடு இரண்டு ஆண்டு, சம்பளம் பாக்கியான தேதியிலிருந்து. கப்பலை விற்றுவிட்டோம் என்று ஏஜென்ட் சொன்னால் பயப்பட வேண்டாம், லியன் கப்பலோடு போகும். நீதிமன்ற ஏலத்தில் விற்றிருந்தால் மட்டும் ஏலத் தொகையில்தான் பங்கு கேட்க முடியும். வேலை ஒப்பந்தம், சிடிசியில் (மாலுமியின் பணிப் புத்தகம்) சைன் ஆன் பதிவு (கப்பலில் சேர்ந்த பதிவு), கடைசிச் சம்பளச் சீட்டு இந்த மூன்றும் முதல் நாளே கையில் இருக்கட்டும்.

ஆணை கிடைத்த பின்

ஆணை வாங்கிவிட்டுக் கேண்டீனுக்குப் போகும் நேரம் அல்ல. சான்றிட்ட நகலுக்குக் காத்திராமல், அன்றே துறைமுக நிர்வாகத்துக்கும் சுங்கத் துறைக்கும் தகவல் போக வேண்டும். சுங்க அதிகாரியின் எழுத்து அனுமதி இல்லாமல் கப்பல் புறப்பட முடியாது. வெள்ளிக்கிழமை மாலை ஆணை என்றால் சனி, ஞாயிறு பணியில் இருக்கும் சுங்க அதிகாரி யார் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். துறைமுகத்திலிருந்து கப்பலை வழிநடத்தும் பைலட் ஏறிய பிறகு போன் அடிப்பதில் பயனில்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஓர் இரவு ஓட்டம்தான், அங்கே சென்னை ஆணை செல்லாது.